ஒன்பது பங்கு பெற்றோல், ஒரு பங்கு ஸ்பிரிட்டு

குச்சவெளியை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சாரம், ஒரு சேட், மூன்று ஸ்பானர், ஒரு கண்ணாடிப் போத்தல். தார் வீதி கொதித்தது. கச்சான் காற்று வலப் பக்கக் காதை அடித்துவிட்டு வீதியைக் கடந்து கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். நிற்பதைவிட நடப்பது எனக்குச் சுகம். வேலையை விட்டு நடந்து போவது எனக்குப் பழக்கமான காரியம்தான். ஆனால் அன்று நடந்த வேகம் பழக்கமானதல்ல.

சல்லியில் ஒருவர் பின்னேரம் கடலுக்குப் போவதற்கு முன்னால் நான் போய்ச் சேரவேண்டும். அவருடைய பெயர் தெரியாது, போன் இலக்கம் தெரியாது. அன்று காலை அவர் கொண்டுவந்த இரண்டு நீல நிறப் பிளாஸ்டிக் கான்களையும் நிரப்பிக் கொடுத்தது நான். அந்தப் பெற்றோலை நம்பிப் போனால் வள்ளத்து மெசின் நடுக்கடலில் நின்றுவிடும் என்பது, அவர் போய் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் எனக்கு உறுதியானது. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. மெசின் நின்ற வள்ளத்தை அது வீட்டுக்குக் கொண்டுவந்து விடாது.

நான் வேலை செய்த இடம் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ். பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, விலை மட்டும் இறங்காமல் நின்ற காலம் அது. முதலாளி, நோய்க் காலத்தில் கைக்குப் பூசும் கிருமிநாசினி செய்து விற்பதற்காக ஸ்பிரிட்டு வாங்கி வைத்திருந்தார். நோய் போய்விட்டது. சனம் கை கழுவுவதை மறந்துவிட்டது. பரல்கள் மட்டும் கராஜின் பின் பக்கத்தில் தகரத்துக்குக் கீழே கிடந்தன. பெற்றோலில் அதைக் கலக்கலாம் என்று அவருக்குச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

எனக்கு அது தெரிந்தது தமிழ்நாட்டில். அகதி முகாம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்று, முகாமுக்கு வெளியே ஒரு மெக்கானிக்கிடம் சேர்ந்திருந்தேன். அங்கே பெற்றோல் நிலையத்தில் ஊற்றுகிற பெற்றோலே ஸ்பிரிட்டு கலந்துதான் வரும். அரசாங்கக் கலப்பு. வண்டிக்காரர்கள் தினமும் வந்து சண்டை பிடிப்பார்கள்: மைலேஜ் வரவில்லை, றப்பர் குழாய் ஊதிவிட்டது, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குழாயை மாற்றிவிடுவார். வண்டி ஓடும். அவர்களும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் நான் முதலாளிக்குச் சொன்னது பொய்யில்லை. ஒன்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஸ்பிரிட்டு போட்டால் எஞ்சினுக்கு ஒன்றும் வராது என்றேன்.

சொன்னதைச் சோதித்தும் பார்த்தேன். கராஜில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளின் தாங்கியைக் காயவைத்து, ஒரு போத்தல் வெறும் பெற்றோல் ஊற்றி, புல்மோட்டைப் பக்கம் போய்த் திரும்பினேன். எண்ணெய் தீர்ந்து வண்டி நின்ற இடத்தில் வீதியோரம் ஒரு கல் வைத்தேன். அடுத்த நாள் அதே வீதி, அதே வேகம், ஒரு போத்தல் கலப்பு. கல்லுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கல் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு மின்கம்பங்களை எண்ணினேன். இருபத்து மூன்று. கலப்புக்கு முதலாளி குறைத்த விலை அந்த இருபத்து மூன்று கம்பத்தைவிடக் கொஞ்சம் கூடவே பெறும். ஏற்றத்தில் இழுவை குறையவில்லை. வெயிலில் எஞ்சின் தட்டவில்லை. காலையில் மட்டும் ஏழெட்டு மிதி அதிகம். தரையில் கலப்புத்தான் வெல்லும், மயிரிழையில். அதை இன்றைக்கும் சொல்வேன்.

நான் சோதிக்காமல் விட்டது கடலை.

சல்லிக்காரர் காலையில் கான்களை இறக்கியபோது ஒன்றின் அடியில் தண்ணீர் சலசலத்தது. "அண்ணை, உள்ளுக்கு என்ன?" என்று கேட்டேன். "கடலிலை அலசினனான் தம்பி. சுத்தமாய்க் கிடக்கட்டும் எண்டு," என்றார். "தண்ணி அடியிலை கிடக்கும், பெற்றோல் மேலை மிதக்கும். அந்தக் கடைசி விரக்கடையை நாங்கள் தொடுறேல்லை. எங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான்." அவர் சொன்னது வெறும் பெற்றோலுக்குச் சரி. அவர்களுடைய குழாய் அந்தக் கடைசி விரற்கடைக்கு மேலேதான் நிற்கும். நான் நிரப்பினேன். பின்னேரம் சல்லியிலிருந்து கடலுக்கு இறங்கவேண்டும் என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்து கடலுக்குப் போன முதல் கலப்பு அதுதான்.

பிறகுதான் அந்தச் சலசலப்பை நினைத்து வேலை ஓடவில்லை. கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கலப்பை ஊற்றி, அதன் மேல் அரை மூடி தண்ணீர் விட்டு, குலுக்கி மேசையில் வைத்தேன். முதலில் கலங்கியது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. நான் விட்டது அரை மூடி. அடியில் நின்றது இரண்டு விரல். ஸ்பிரிட்டு பெற்றோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. முதலாளியின் ஸ்பிரிட்டில் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் இருந்தது. கூடக் கொஞ்சம் கிடைத்ததும் பிரிந்துவிட்டது. அந்த மனிதருடைய கானின் அடியில் இப்போது இருப்பது விரற்கடை அல்ல. விரற்கடைக்கு மேலே நிற்கிற அவருடைய குழாயின் வாய் இப்போது அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கும்.

முதலாளிக்குப் போத்தலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்கள் தண்ணி கலந்தனாங்களோ? இல்லை. கான் ஆரின்ர? அவரின்ர. பிறகென்ன?"

"ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கோ முதலாளி. உங்களிட்டை இலக்கம் இருக்கும்."

"சொன்னால் நாளைக்குச் சல்லி முழுக்கக் கதை போகும். உந்தப் பரலெல்லாத்தையும் நீ குடிப்பியோ?"

"குடிச்சாலும் ஆள் சாகும், ஊத்தினாலும் ஆள் சாகும்."

"நீ என்ன எண்ணெய் மந்திரியோ? போய் வேலையைப் பார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பரல்களை வாங்கத்தான் மனைவியின் நகை போயிருந்தது. எனக்கும் அவரிடம் இரண்டு கிழமைக் கூலி வரவேண்டியிருந்தது. அதைக் கேட்க நின்றால் நேரம் போகும். பையை எடுத்தேன், போத்தலைக் கவிழ்த்துவிட்டு அதையும் எடுத்தேன், நடந்தேன்.

ஒரு பாலத்தடியில் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பின் பக்கம் பெரிய மீன் பெட்டி, தராசு, வியர்வையில் நனைந்த தொப்பி. வழக்கமாக எங்கள் கராஜுக்கு வருகிற முஸ்லிம் மீன் வியாபாரி, எங்களுக்கு நானா, அண்ணன் முறை.

"என்ன தம்பி, கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையா? கூட்டத்தைக் காணல்லையே, தனியவா?"

"சல்லிக்குப் போகோணும் நானா."

"பெட்டிக்கு மேல குந்து. மீன் முடிஞ்சிட்டு, மணம் மட்டும்தான் இருக்கு. அதுக்குக் காசு எடுக்க மாட்டன்."

ஏறினேன். வண்டி நன்றாக இழுத்தது. அவர் காற்றுக்கு மேலால் கத்திக் கதைத்தார்.

"ஒங்கட முதலாளிட எண்ணெய்தான் மூணு மாசமா அடிக்கிறன். விடியக்காலையில மிதிச்சு மிதிச்சுக் கால் ஓயும். பத்திக்கிட்டா குதிரை! கொஞ்சம் கூடக் குடிக்குது, இல்லண்டு சொல்லல்ல. ஆனா விலையப் பாக்கணுமே. வீட்டுல கேக்கிறா, மிச்சம் எங்க எண்டு. மிச்சம் உன்ட வயித்துக்குள்ள எண்டு சொன்னன்."

"எத்தினை நாளைக்கு ஒருக்கா அடிக்கிறீங்கள் நானா?"

"ஒவ்வொரு நாளும். நாளைக்குரிய எண்ணெய இண்டைக்கு அடிக்க நான் என்ன எம்.பி.யா?"

"அதுதான் உங்களுக்குச் சரிவருது. கிடந்து தண்ணி இழுக்க நேரமில்லை," என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். கான், கடல் தண்ணீர், போத்தல், பின்னேரம் கடலுக்குக் கிளம்பப்போகிற வள்ளம்.

அவர் ஒரு கையால் தொப்பியை இறுக்கினார். "இதை ஏறக்குள்ளயே சொல்லியிருக்கணும்," என்றார். "பிடிச்சுக்க." அதற்குப் பிறகு நிலாவெளியை எப்படித் தாண்டினோம் என்று எனக்குத் தெரியாது. தராசுத் தட்டு முதுகில் அடித்துக்கொண்டே வந்தது. நான் கலந்த எண்ணெயில்தான் அந்த வண்டி பறந்தது என்பதை அப்போது நினைக்க நேரமில்லை. சாம்பல்தீவுப் பக்கம் அவர் வீட்டுக்குத் திரும்பவேண்டிய வழியைத் தாண்டியும் ஓட்டி, சல்லி முத்துமாரியம்மன் கோயிலடியில் இறக்கிவிட்டார். "ஆண்டவன் காப்பாத்துவான், ஓடு," என்றார்.

கரையில் கருவாட்டுப் பாய்களை விரித்து ஒரு பெண் மீன்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும்.

"அக்கா, காலமை ஆட்டோவிலை ரெண்டு நீலக் கான் கொண்டு குச்சவெளிக்குப் போன அண்ணை ஆர்?"

"என்ர ஆள்தான். ஏன், நீங்கள் ஆர்?"

"நான்தான் அந்த எண்ணெயை ஊத்திக் குடுத்தனான். அதைக் கடலுக்குக் கொண்டுபோக ஏலாது. மெசின் நிண்டுடும்."

அவள் கை ஒரு மீனின் மேல் நின்றது. "போயிட்டாரே," என்றாள். "இப்பதான். அரை மணித்தியாலம் இருக்கும்."

போன் இருக்கிறதா என்று கேட்டேன். இடுப்பிலிருந்து எடுத்து அடித்தாள். வீட்டுக்குள்ளிருந்து மணி கேட்டது. போன மாதம் ஒரு போன் கடலில் விழுந்ததிலிருந்து அவர் கொண்டுபோவதில்லையாம். கூடப் போகிறவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டதால் தனியாகத்தான் போயிருந்தார். மற்ற வள்ளங்கள் முன்னாலேயே போய்விட்டன, விடியத்தான் வரும். இரண்டு பேரும் தண்ணீர் ஓரமாகப் போய் நின்றோம். பாறைகளுக்கு வெளியே கடல் வெறுமையாகக் கிடந்தது. கச்சான் எங்கள் முதுகில் அடித்து, மணலை வாரி அலைக்கு மேலால் வீசியது.

"அந்தாள் வேண்டாமெண்டுதான் சொன்னவர்," என்றாள். "பழக்கமில்லாத எண்ணெய் எண்டு. நான்தான், விலையைப் பாருங்கோ, எல்லாரும் வாங்கிறாங்கள்தானே எண்டு துரத்தி விட்டனான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பிழை எண்டு தெரிஞ்சால் ஏன் ஊத்தினனீ? கையிலை என்ன புண்ணோ, நிப்பாட்ட ஏலாமல்?"

"ஊத்தேக்கை தெரியாது அக்கா."

"இப்ப தெரிஞ்சு என்ன? நீந்திப் போய்ச் சொல்லு."

அவள் பாய்க்குத் திரும்பி மீனைப் புரட்டினாள்; இரண்டு மீன், பிறகு கடலைப் பார்ப்பாள்; இரண்டு மீன், பிறகு கடல். ஏற்கெனவே புரட்டியவற்றையே திரும்பவும் புரட்டிக்கொண்டிருந்தாள். கடலில் போட்ட மீன் கூடுகளைத் தூக்கப் போன வள்ளம் ஒன்று இன்னும் கரைக்கு வரவில்லை, அது வந்தால் அனுப்பலாம் என்றாள். நான் நின்றபடியே நின்றேன். மெசின் நின்றால் நங்கூரம் போட்டிருப்பார். பாறை கடந்தால் கயிறு நிலத்தை எட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெயில் மஞ்சளானபோது சத்தம் கேட்டது. ஒரே ஒரு மெசினின் சத்தம். அவள் எழுந்தாள். கூடு தூக்கப் போன வள்ளம் பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் கயிறு. கயிற்றின் முனையில் இன்னொரு வள்ளம். அதன் முன் அணியத்தில் ஒருவர் கால்களை நீட்டி, வெற்றிலை மென்றுகொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவர் போல உட்கார்ந்திருந்தார். நான் ஈர மணலில் குந்திவிட்டேன்.

"எடியே!" என்று அவர் அங்கிருந்தே கத்தினார். "உன்ர மலிவு எண்ணெய் மீனுக்கு ஊத்திப் பொரிக்கவும் உதவாது!"

"வாயை மூடிக்கொண்டு இறங்குங்கோ!" என்று அவள் கத்தினாள். கண்ணைத் துடைத்த கையில் உப்பு இருந்திருக்கவேண்டும். கண்ணீர் இன்னும் கூட ஓடியது.

வள்ளத்தை இழுத்து ஏற்றக் கை கொடுத்தேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நீ கராஜ் பெடியனெல்லோ?"

"ஓம் அண்ணை. நான்தான் அதைக் கலந்தனான். சொல்லத்தான் வந்தனான்."

"அடி வாங்கவோ இவ்வளவு தூரம் வந்தனீ? குச்சவெளியிலை நிண்டிருந்தால் நான்தானே வந்து அடிச்சிருப்பன்."

கயிறு கட்டி இழுத்து வந்த மற்ற வள்ளத்துக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அடிக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவர் எனக்கு ஒரு சுருட்டு நீட்டினார்.

நடந்தது இதுதான். சின்னத் தாங்கியில் கிடந்த பழைய பெற்றோலில் பாறை வரை போயிருக்கிறார். அது தீர்ந்ததும் குழாயைப் புதுக் கானுக்கு மாற்றியிருக்கிறார். மெசின் இரண்டு தும்மல் தும்மி நின்றுவிட்டது. தோள் கழலும் வரை மெசின் கயிற்றை இழுத்திருக்கிறார். பிறகு நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கூடு தூக்கப் போன வள்ளம் அந்த வழியாகத்தான் வரும் என்று வெற்றிலையை எடுத்திருக்கிறார்.

கானை மெல்லச் சாய்த்து அடியிலிருந்து என் போத்தலில் ஊற்றிக் காட்டினேன். நிறமில்லாத தண்ணீர் போல ஒன்று வந்துகொண்டே இருந்தது, போத்தல் நிரம்பியும் நிற்கவில்லை. மேலிருந்து எடுத்ததில்தான் பெற்றோலும், பிஸ்டன் வழுக்கி ஓட அவர் கரையில் சேர்த்த மெசின் எண்ணெயும் இருந்தன.

"எத்தினை தரம் அலசினனீங்கள்?"

"மூண்டு தரம். இண்டைக்குப் பாத்து நல்லாய் அலசினனான்."

"மூண்டு தரம் அலசினதுதான் உங்களைக் காப்பாத்தினது," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். தண்ணீர் அதிகம் இருந்ததால் அடியில் சேர்ந்த ஸ்பிரிட்டுத் தண்ணீர் குழாய் வாயை மூடி உயர்ந்துவிட்டது. மெசின் முதல் உறிஞ்சலிலேயே நின்றது, பாறைக்குப் பக்கத்தில், நங்கூரம் நிலம் எட்டுகிற இடத்தில். தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தால் குழாய்க்குக் கீழேயே கிடந்திருக்கும். மெசின் ஓடியிருக்கும். வள்ளம் வெளிக்கடல் போய், அங்கே ஆட்டத்தில் கலங்கிக் குழாய்க்குள் ஏறியிருக்கும். அதில் மெசின் எண்ணெய் இல்லை. சுழன்றுகொண்டிருக்கிற பிஸ்டன் உலர்ந்து இறுகியிருக்கும்.

அவர் வெற்றிலையைத் துப்பினார். மனைவியைப் பார்த்தார். "கேட்டியோ? ஒரு வேலையையும் அரைகுறையாய்ச் செய்யக்கூடாது."

"மெசின் போயிருந்தால் இந்தப் பெடியன்ர எண்ணெயிலை மிச்சம் பிடிச்ச காசு ஒரு பிளக் வாங்கவும் காணாது," என்றாள். "நாளைக்கு வீதிக்கரையிலை வெறும் பெற்றோல். விலையெண்டாலும் அதுதான்." என்னிடம் திரும்பி, "உன்ர எண்ணெய் கூடாதெண்டு நான் சொல்லேல்லை. கரையிலை ஓடுறவங்கள் ஓடட்டும்," என்றாள். நான் இருபத்து மூன்று மின்கம்பங்களை எண்ணிக் கண்டதை அவள் மீன் கழுவுகிற நேரத்தில் சொல்லி முடித்தாள்.

இருட்டுவதற்குள் மெசினின் குழாய்களைக் கழற்றி, காபரேற்றரைத் திறந்து, வெறும் பெற்றோலால் கழுவிப் பூட்டினேன். கான்களை இரண்டு கல்லுக்கு மேல் கவிழ்த்து வைத்தேன். தண்ணீரால் கழுவாமல் துணியால் துடைக்கச் சொன்னேன். பிரித்தெடுத்த மேல் எண்ணெயை மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பாணும் மீன் சொதியும் தந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தந்தாள். ஆனால் இரண்டாம் தரமும் கேட்காமலே ஊற்றினாள். அன்றைக்கு முழுவதும் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்குத் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பையைத் தோளில் போட்டேன். பட்டினத்துக்குப் போய் பஸ் நிலையத்தில் படுக்கலாம் என்று கணக்கு.

"எங்கை போறாய்?" என்றார் அவர்.

"பட்டினம்."

"அது ஏலாது. மெசினைக் கழட்டிப் பூட்டினவன் விடிய அந்த மெசினோடை கடலுக்கு வரவேணும். இஞ்சை அப்பிடித்தான். அப்பத்தான் ஒருத்தனும் ஆணியை அரைகுறையாய் முறுக்கமாட்டான்."

பகடி என்று நினைத்தேன். மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஒரு பாயை எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

கடலை எனக்குப் பிடிக்காது. சின்ன வயதில் ஒரு தரம் அதைக் கடந்து போனேன். வளர்ந்த பிறகு ஒரு தரம் கடந்து திரும்பி வந்தேன். இரண்டு தரமும் எனக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. வாந்தி எடுத்ததைத் தவிர. அதை அவரிடம் சொன்னேன்.

"வேலை இருந்தால் சத்தி வராது," என்றார். "கூட வாறவன் போயிட்டான். மீன் பட்டால் மூண்டிலை ஒரு பங்கு. படாட்டில் சோறு."

படுத்த உடனே நித்திரை வந்துவிட்டது. அப்படி ஒரு நித்திரை குச்சவெளியில் வந்ததில்லை.

விடியற்புறம் அவர் வீதிக்கரையில் வாங்கி வந்த பெற்றோலை நான் துணி வைத்து வடித்து ஊற்றினேன். அளவு பார்த்து மெசின் எண்ணெயைச் சேர்த்தேன். காற்று விழுந்திருந்தது. நான்கு பேர் தோள் கொடுத்து வள்ளத்தைத் தள்ளினோம். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அவர் என் சேட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். கரையில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இழு," என்றார்.

கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் பிடித்தது. பாறை தாண்டும் வரை நான் கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளம் வெளியே வந்தும் சத்தம் மாறவில்லை.

"கானைப் பாத்தது போதும்," என்றார் அவர். "இனி இஞ்சாலை வந்து வலையின்ர தலைப்பைப் பிடி."

போய்ப் பிடித்தேன்.